ஏலச் சேவலைத் தொட்டவர்கள்

எப்சிபாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பாட்டின் நடுவில் எழுந்து போய் கேட் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் ஒரு கண் தானாகத் திறந்துகொள்ளும். “இவள ஆண்டவரே வந்து கட்டிப் போட்டாதான் உண்டு” என்று அவள் புருஷன் ஆர்தர் சொல்லிச் சிரிப்பான். சித்தூரில் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் அவன் எலக்ட்ரீஷியன். சீசன் இல்லாத மாதங்களில் வேலை குறைவு, அதனால் பெண்டாட்டியைக் கேலி பண்ண அவனுக்கு நேரம் நிறைய இருந்தது.

இப்படிப்பட்டவளுக்கென்றே செய்த மாதிரி ஒரு வேலையும் அமைந்தது. வெதுருகுப்பத்துக்குப் பக்கத்துக் கிராம சச்சிவாலயத்தில், அதாவது ஊர் அரசு அலுவலகத்தில், கால்நடை உதவியாளர். நாலு ஊர் மாடும் ஆடும் கோழியும் அவள் பொறுப்பு. பசு கன்று போடாவிட்டாலும் ஆடு புல் கடிக்காவிட்டாலும் அவளுக்குத்தான் போன் வரும். தெலுங்கில் திட்டு வாங்கி, தமிழில் முணுமுணுத்து, மறுபடி தெலுங்கில் சமாதானம் சொல்லி, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்கூட்டியில் சுற்றுவாள். வண்டியின் முன்னால் ஊசிமருந்து வைக்கும் ஐஸ் பெட்டி. மிஷன் காலனியில் சின்னப் பிள்ளைகள் அவளைக் கோழி டாக்டர் என்பார்கள். அவளுக்கு அதில் உள்ளூர சந்தோஷம்தான்.

மிஷன் காலனி அறுபது வீடு. எல்லாரும் ஒரே சபை, ஒரே ஆலயம், ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் கோழி. காலனிக்குக் கிழக்கே ஏரி. மார்கழி, தை மாதங்களில் அந்த ஏரிக்கு எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து இறங்கும். கூழைக்கடா வரும், நாரை வரும், நீர்க்காகம் கூட்டங்கூட்டமாக வந்து பட்ட மரங்களில் இறக்கையை விரித்துக் காய வைக்கும். அவற்றை யாரும் ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை.

தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ஏரியில் மீன் பிடிக்கும் கேசவன் போன் செய்தான். “எப்சிம்மா, நீர்க்காக்கா பொத்து பொத்துனு வுழுந்து கெடக்குது. எவனாவது மருந்து கிருந்து வச்சிட்டானா, வந்து பாரு.”

அவள் போய்ப் பார்த்தாள். பதினொரு நீர்க்காகம், இரண்டு கொக்கு. ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. கழுத்து முறுக்கிக்கொண்டு, தண்ணீரில் ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. மருந்து தின்ற பறவை இப்படிச் சுற்றாது என்று அவளுக்குத் தெரியும். கேசவனைத் தூர நிற்கச் சொல்லிவிட்டுக் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு பறவையின் தொண்டையிலும் பின்பக்கத்திலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துக் குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியில் அடுக்கினாள். மிச்சத்தைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள்.

கால்நடை டாக்டர் முனிகிருஷ்ணன் அன்று மதியமே பெட்டியைத் திருப்பதிக்கு அனுப்பினார். அங்கிருந்து அது போபால் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அவர் நல்ல மனிதர், பதற்றம் வந்தால் மட்டும் தெலுங்குக்குத் தாவிவிடுவார். “இப்புடு எவரிக்கீ செப்பொத்தம்மா” என்றார். பிறகு அதையே தமிழில் சொன்னார்: “யாருக்கும் சொல்லாத. ரிசல்ட் வரட்டும். பறவைக் காய்ச்சல்னு ஒரு வார்த்தை வெளிய போனா, ராவோட ராவா அத்தினி கோழியையும் வண்டில ஏத்தி வித்துடுவாங்க. நாலு ஊர்ல இருக்கிற வியாதி நாப்பது ஊருக்குப் போயிடும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அப்படி நடந்த ஊர்கள் உண்டு. எப்சிபா தலையாட்டினாள். ஆனால் வண்டியைக் கிளப்பியபோதே அவளுக்கு வேறொன்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை.

அறுப்பின் பண்டிகை என்றால் காலனியே ஆலயத்தில் இருக்கும். நெல், வாழைத்தார், பூசணி, தேங்காய், முட்டை, ஆடு, கோழி என்று வீட்டுக்கு வீடு காணிக்கை வரும். ஆராதனை முடிந்ததும் வேப்ப மரத்தடியில் ஏலம். இந்த ஏலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருளை எடுத்தவர் உடனே அதை வீட்டுக்குக் கொண்டுபோவது அழகில்லை. “மறுபடி ஆண்டவருக்கே” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். திருப்பிக் கொடுக்கும்போது அந்த வீட்டுப் பிள்ளைதான் அதை மார்போடு அணைத்து எடுத்துவந்து மேஜைமேல் வைக்க வேண்டும். எல்லாரும் கை தட்டுவார்கள். ஒரே கோழி ஏழெட்டுக் கை மாறும். அந்தக் கோழியின் பாட்டை யாரும் கேட்டதில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் எப்சிபாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாஸ்டர் வீட்டு வாசல் வரை இரண்டு முறை போனாள். இந்த வருஷம் கோழி மட்டும் வேண்டாம் என்று காரணம் சொல்லாமல் கேட்டிருக்கலாம். வாய் வரை வந்ததை மென்று முழுங்கிவிட்டுத் திரும்பினாள். டாக்டர் சொல்லாதே என்றிருக்கிறார், ரிசல்ட் வேறாக வந்தால் சபையே சிரிக்கும், பண்டிகையைக் கெடுத்தவள் என்ற பேர் வரும். அவள்மேல் கோபப்பட வேண்டுமானால் இங்கே படலாம். ஊர்க் கோழிக்கெல்லாம் சீக்கு பார்ப்பவள், சொந்த சபைக்கு முன்னால் கோழையாகிவிட்டாள்.

ஞாயிறன்று ஏரிக்கரை வீட்டு கிரேஸ் ஒரு செவலைச் சேவலைக் கொண்டுவந்தாள். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஆனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி நின்றது. எப்சிபா பார்த்தாள். வெயில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சேவல் ஏலத்துக்கு வந்தது. ஒருவர் எடுத்தார், கொடுத்தார். இன்னொருவர் எடுத்தார், கொடுத்தார். நாலாவது சுற்றில் உற்சாகம் தாங்காமல் ஆர்தர் கை தூக்கிவிட்டான். அவர்களுடைய மகள் ஜெமி ஓடிப்போய்ச் சேவலை வாரி அணைத்து, அதன் கொண்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு மேஜைக்கு நடந்தாள். எப்சிபா கூட்டத்தின் நடுவில் நின்று “ஜெமி, தூரப் புடி” என்றாள். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

எட்டாவது கையாக இஸ்ரேல் பெரியவர் அதை எடுத்து, “போதும்பா, பாவம், அத உடுங்க” என்று வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். சித்தூர்–வேலூர் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மூச்சிரைப்பு மட்டும் கூடவே இருந்தது. எப்சிபாவுக்குப் பக்கத்து வீடு. ஜெமி ஒரு வருஷமாக அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் படித்தாள். அவளுக்காக அவர் டிவியை அணைத்துவைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை அவளுக்கு நவோதயா நுழைவுத் தேர்வு. ஒரு பிள்ளை ஒரே ஒரு முறைதான் எழுதலாம். தேறினால் ஆறாம் வகுப்பிலிருந்து படிப்பும் தங்கலும் இலவசம்.

பந்தியில் எப்சிபா கிரேஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அக்கா, வூட்ல கோழிங்க நல்லா கீதா?”

“எங்க நல்லா கீது? நேத்து ரெண்டு செத்துப் போச்சி. செவலையும் போறதுக்கு முன்னாடி கோயிலுக்குன்னு நேந்துக்கினதக் குடுத்துடலாம்னு எத்தினு வந்துட்டன்” என்றாள் கிரேஸ், பிரியாணியைப் பிசைந்துகொண்டே. அவளிடம் கள்ளம் இல்லை. நேர்ந்துகொண்டதைக் கொடுக்காமல் விட்டால்தான் அவள் கணக்கில் பாவம்.

எப்சிபா பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு ஜெமியைத் தேடிப் போனாள்.

திங்கட்கிழமை திருப்பதியிலிருந்து முதல் ரிசல்ட் வந்தது. பறவைக் காய்ச்சல்தான், போபால் உறுதி செய்ய வேண்டியதுதான் பாக்கி. கிரேஸ் வீட்டுச் சேவலைப் பற்றியும் எப்சிபா அன்றே சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை வெள்ளை உடுப்பில் ஆட்கள் வந்து காலனியின் கோழிகளை மூட்டை கட்டிப் புதைத்தார்கள். பெண்கள் வாயில் வந்தபடி ஏசினார்கள். ஏச்சு எல்லாம் எப்சிபாவுக்கு. அவளுக்கு மனசு வேறெங்கோ இருந்தது.

ஏனென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஸ்வர்ணலதா அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்திருந்தார். “சேவலைத் தொட்டவங்க எல்லார் பேரும் வேணும். பத்து நாள் வீட்டைவிட்டு வெளிய வரக் கூடாது. தெனம் ரெண்டு வேளை காய்ச்சல் பாக்கணும். மனுஷனுக்கு லேசுல ஒட்டாது, ஒட்டினா லேசுல விடாது. கண்ணு சிவந்தாலும் சொல்லச் சொல்லு.”

எப்சிபா எழுதினாள். கிரேஸ், அவள் மகன், முதலில் எடுத்தவர் வீட்டுப் பையன், இரண்டாவது, மூன்றாவது... நாலாவது இடம் வந்ததும் பேனா நின்றது. பத்து நாள். சனிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. ஜெமிக்குச் சளிகூட இல்லை. பஞ்சுக்குச்சி பிடித்து, கையுறை போட்டு, ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்லிக்கொடுத்த அதே கை, நாலாவது பேரைத் தாண்டி ஐந்தாவதை எழுதியது. ஆர்தரிடம்கூட அவள் சொல்லவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு டாக்டருடன் வீடு வீடாகப் போனபோது கிரேஸ் அதை வாங்கிப் படித்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

“ஏம்மா எப்சி, உன் பொண்ணு கொஞ்சிக்கினு போனதை சபையே பாத்துச்சி. அவ பேரக் காணோமே?” என்று டாக்டரின் காதில் விழாதபடி கேட்டாள். பிறகு சத்தமாக, “எம்புள்ள தொடவே இல்லம்மா. கயித்தத்தான் புடிச்சான்” என்றாள்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் யாரும் சேவலைத் தொட்டிருக்கவில்லை. கயிற்றைப் பிடித்தவர்களாகவும் தூர நின்று கை தட்டியவர்களாகவும் ஆகிவிட்டார்கள். கடைசியாக இஸ்ரேலின் வாசல். அவர் கண்ணாடியைப் போட்டுத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். எப்சிபாவை ஒரு பார்வை பார்த்தார். அவளால் அந்தப் பார்வையைச் சந்திக்க முடியவில்லை.

“ராத்திரி கூடையில கவுத்தன். காலைல பாத்தா நாயி தூக்கிக்கினு போயிருந்துது. எனுக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றார்.

புதனும் வியாழனும் எப்படிப் போயின என்று அவளுக்கே தெரியாது. ஜெமியின் நெற்றியை அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அந்தப் பிள்ளை எரிச்சல்பட்டது. தெர்மாமீட்டரை ஒரு நாளைக்கு எட்டுத் தரம் வைத்தாள். ஆலயத்து மணி அடித்தால் திடுக்கிட்டாள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் “வூட்லயே படி” என்று வைத்துக்கொண்டதில், கொஞ்சமாவது சரி செய்துவிட்டோம் என்று தன்னை ஏமாற்றிக்கொண்டாள். ஆர்தர் கேட்டான், “இன்னாடி ஆச்சி உனுக்கு? கோழி செத்ததுக்கு இப்படி யாராவது பைத்தியம் புடிச்ச மாதிரி சுத்துவாங்களா?” அவள் கேட் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை இஸ்ரேல் வீட்டுக் கதவு திறக்கவில்லை. மூன்று நாளாகவே அவர் வெளியே தென்படவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளும் அந்த வாசலைத் தவிர்த்துக்கொண்டுதான் இருந்தாள். முகமூடி போட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போனாள். கிணற்றடியில் புதுசாக மண் தோண்டி மூடியிருந்தது, மேலே ஒரு செவலை இறகு. நாய் தூக்கிப்போன சேவல் அங்கேதான் இருந்தது.

உள்ளே கட்டிலில் அவர் உட்கார்ந்தபடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது. நூற்று மூன்று டிகிரி.

“பெரியநைனா! எப்போல இருந்து?”

“செவ்வாக்கெழம சாயங்காலம்.”

“ஏன் சொல்லல? தெனம் போன் போட்டுக் கேட்டாங்கல்ல?”

அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “எனுக்குன்னு தெரிஞ்சா... யார் யார் புடிச்சதுன்னு திரும்ப நோண்டுவாங்க. பாப்பா பேரு வரும். நாளைக்குப் பரிச்ச. அது முடியட்டும்னு... நீயும் அதுக்காவதான எழுதாம உட்ட?”

எப்சிபாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. தான் எழுதாமல் விட்ட ஒரு பேரை இந்த மனிதர் உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டு, மூன்று நாள் தனியாக மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறார். 108க்குப் போன் செய்தாள். வண்டி வந்து ஆக்சிஜன் வைத்து அவரைத் திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று.

வண்டி தெருமுனை தாண்டியதும் ஸ்வர்ணலதாவுக்குப் போன் போட்டாள். “மேடம், நான் குடுத்த லிஸ்ட் தப்பு. நாலாவது பேரு ஜெமிமா. என் பொண்ணு. வயசு பத்து. மார்ல அணைச்சிக்கினு போனா. நான்தான் மறைச்சன். லிஸ்ட்ல அவ பேரு இல்லாததாலதான் மத்தவங்களும் மறைக்கிறாங்க.”

டாக்டர், “வேலை போகும்னு தெரியும்ல?” என்றார்.

“தெரியும் மேடம்.”

“நாளைக்குப் பரிட்சை ஹால்ல முன்னூறு பிள்ளைங்க உட்காருவாங்க. அனுப்பாதே” என்று டாக்டர் வைத்துவிட்டார்.

ஜெமியிடம் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. ஹால் டிக்கெட், இரண்டு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில் எல்லாம் பையில் தயாராக இருந்தன. எப்சிபா சுற்றி வளைக்காமல் சொன்னாள். பிள்ளை அழவில்லை. “அடுத்த வருஷம் எழுதலாமா?” என்று மட்டும் கேட்டாள். முடியாது என்றதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆர்தர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. “எனுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ” என்றான்.

சனிக்கிழமை காலை எப்சிபா பாஸ்டரை அழைத்துக்கொண்டு காலனித் தெருவில் வாசல் வாசலாக நின்றாள். ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னாள். “ஜெமி பேர லிஸ்ட்ல சேத்துட்டன். பரிச்சைக்குப் போவல. நான் பண்ணது தப்பு. உங்க பசங்க புடிச்சிருந்தா சொல்லுங்க.” சில வீடுகளில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். கிரேஸ் வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மகனை முன்னால் தள்ளிவிட்டு, “ரெண்டு நாளா தொண்ட வலிங்கறான். பாரு” என்றாள். மத்தியானத்துக்குள் தாளில் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லாருடைய மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து அனுப்பினார்கள்.

ரிசல்ட் செவ்வாய்க்கிழமை வந்தது. பன்னிரண்டு பேரில் யாருக்கும் பறவைக் காய்ச்சல் இல்லை. கிரேஸ் மகனுக்குச் சாதாரண தொண்டைப் புண். இஸ்ரேலுக்கு வந்தது நிமோனியா, ஆனால் பறவையிடமிருந்து வந்தது அல்ல.

காலனிக்கு நிம்மதி. கூடவே பேச்சும் கிளம்பியது. ஒண்ணுமில்லாததுக்குப் பொண்ணு பரிச்சையைக் கெடுத்துக்கினா பாரு, என்றார்கள். முனிகிருஷ்ணன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருந்தார், தெலுங்கில். தண்டிப்பதானால் தண்டிக்கட்டும் என்று இருந்தாள் எப்சிபா. ஆனால் அந்தப் பேச்சு மட்டும் முள் மாதிரி குத்தியது. இல்லை என்று செவ்வாய்க்கிழமை தெரிந்ததை வெள்ளிக்கிழமையே தெரிந்துகொள்ள வழி எது? யாரிடம் போய்ச் சொல்வாள்? வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள்.

அன்று சாயங்காலம் திருப்பதியிலிருந்து வீடியோ கால் வந்தது. நர்ஸ் ஒருத்தி போனைப் பிடித்திருந்தாள். இஸ்ரேலின் மூக்கில் குழாய் இருந்தது, முகம் தெளிந்திருந்தது.

“இன்னும் ஒரு நாள் உட்டிருந்தா தாங்கியிருக்க மாட்டேன்னு டாக்டர் திட்டினாரும்மா. ஆனா பறவக் காச்சல் இல்லியாமே! கேட்டதும் முதல்ல பாப்பாவத்தான் நெனச்சன். நல்லா எழுதுனாளா?”

எழுதினாள் என்று சொல்லிவிடலாம். அவர் ஊருக்கு வர இன்னும் ஒரு வாரம் ஆகும். அதுவரை அந்த மனிதர் சந்தோஷமாகப் படுத்திருப்பார்.

“எழுதல பெரியநைனா. உன்னை வண்டில ஏத்தினதும் நானே பேரக் குடுத்துட்டன்.”

அவர் முகம் அப்படியே இறுகியது. இத்தனை வருஷத்தில் அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை அவர். “அடிப் பாவி” என்றார். “மூணு நாளு மூச்சு முட்டிக் கெடந்தன்டி. யாருக்காவன்னு நெனச்ச? எல்லாம் தண்டமா?” கண்ணில் நீர் வழிந்து குழாயின்மேல் இறங்கியது. நர்ஸ் பேச வேண்டாம் என்று அவர் தோளைத் தொட்டாள்.

எப்சிபா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை போனை வாங்கிக்கொண்டது. ஐந்து நாளாக அம்மாவிடம் சரியாகப் பேசாத ஜெமி.

“தாத்தா, நீ செத்துப் போயிருப்ப” என்றாள். “அம்மா என் பேர எழுதாம உட்டாங்க. அப்புறம் எழுதுனாங்க. நீ காச்சல மறைச்ச. எல்லாம் எனுக்காவன்றீங்க. ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா? கேட்டிருந்தா செவ்வாக்கெழமையே சொல்லியிருப்பன், பரிச்ச வேணாம், தாத்தாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்கன்னு.”

இஸ்ரேல் திரையைப் பார்த்தபடியே இருந்தார். எப்சிபா மகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இந்த முறை கேட்டைப் பார்க்கப் போகவில்லை.